பெட்டியடியில் தொடங்குங்கள்: லேப்ராஸ்கோப்பிக்குக் கை பழக ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். கடைக்காரர் பாய் ஈரலை இடது உள்ளங்கையில் மலர்த்திப் போடுவார். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையின் கழுத்தை இரண்டு விரலால் பற்றி, கத்தி நுனியால் ஓரமாக ஒரு கோடு இழுத்து, அப்படியே உரித்தெடுத்துவிடுவார். ஒரு சொட்டுப் பித்தநீர் சிந்தாது. சிந்தினால் ஈரல் கசந்துவிடும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

"பழகும்போது எத்தனை உடைத்திருப்பீர்கள் பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கணக்கே இல்லை டாக்டரம்மா. அத்தா பக்கத்திலேயே நின்று திட்டிக்கொண்டிருப்பார். உடைந்தது ஆட்டு ஈரல்தானே, கழுவிவிட்டு அடுத்ததை எடுப்பேன். உங்கள் வேலையில் அப்படி முடியாதே" என்றார்.

முடியும். நோயாளியைத் தொடுவதற்கு முன்பே தவறுகளை எல்லாம் செய்து தீர்த்துவிட முடியும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவையும் நீண்ட கருவிகளையும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்குக் கை பழகுவதற்காக எழுதுவதுதான் இது. அறுவை சிகிச்சையிலோ மகப்பேறு மருத்துவத்திலோ மேற்படிப்புப் படிக்கும் மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், சிறிய ஊர்களில் தனியாக மருத்துவமனை நடத்தும் என்னைப் போன்றவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். லட்சக்கணக்கில் விலையுள்ள சிமுலேட்டர் (அறுவை சிகிச்சையைப் போலச் செய்து பழகும் எந்திரம்) நம் ஊருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு வெப்கேம், ஒரு நோட்டு ஆகிய மூன்றும் இருந்தால் இன்று இரவே தொடங்கலாம்.

நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில், வேலைக்கு வந்த சிறுவனை எடுத்த எடுப்பில் கொடுக்கல் வாங்கலில் விடமாட்டார்கள். அவன் முதலில் பெட்டியடிப் பையன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும், எழுத வேண்டும், கூட்டிப் பார்த்துத் தவறைத் திருத்த வேண்டும். அடுத்த படியான அடுத்தாள் ஆவதெல்லாம் அதற்குப் பிறகுதான். லேப்ராஸ்கோப்பி படிக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: பெட்டியடியில் உட்காராமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் வராதீர்கள்.

கை ஏன் தடுமாறுகிறது?

திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில் கை போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். லேப்ராஸ்கோப்பியில் கண் திரையில் இருக்கிறது, கை வயிற்றுக்கு வெளியே இருக்கிறது, கருவியின் நுனி மட்டும் உள்ளே இருக்கிறது. வயிற்றுச் சுவரில் உள்ள துளை ஏற்றமரத்தின் அச்சைப் போல நடுவில் நிற்பதால், கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் நுனி இடப்புறம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். திரையில் ஆழம் தெரியாது. விரல் நுனியின் தொடு உணர்வு பெரும்பகுதி போய்விடும். போதாததற்கு கேமராவைப் பிடித்திருப்பது வேறொருவர். மூளை இவை அத்தனையையும் புதிதாகக் கற்றாக வேண்டும். புத்தகம் படித்து இது வராது. சைக்கிளைப் போல ஓட்டித்தான் வரும்.

ஜெர்மனியில் எரிச் மூஹே 1985-ல் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா 1990-ல் மும்பையில் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த முறை உலகெங்கும் காட்டுத்தீபோலப் பரவியது. பயிற்சி அதே வேகத்தில் பரவவில்லை. பலர் நேரடியாக நோயாளியிடமே கற்றார்கள், அந்த ஆண்டுகளில் பித்தக்குழாய்க் காயங்கள் கூடின. சிறிய தழும்புக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் வாழ்நாள் முழுக்கத் துன்பப்பட்டார்கள். சிமுலேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அது பணக்கார மருத்துவமனைகளின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2002-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி, மீதிப் பேருக்குக் கூடுதலாகக் கம்ப்யூட்டர் சிமுலேட்டர் பயிற்சி. பிறகு எல்லோரும் உண்மையான நோயாளிகளிடம் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் பழகிய சிமுலேட்டரின் திரையில் உறுப்புகளே கிடையாது. வெறும் உருண்டைகளும் சட்டங்களும்தான். படம் தத்ரூபமாக இருப்பதைவிட, குறித்த அளவை எட்டும்வரை கை பழகுவதுதான் முக்கியம் என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

முதல் வேலை: பெட்டியைச் செய்வது

மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். சுமார் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் போதும். உள்ளே தெரியாத நிறமாக இருக்கட்டும். கண்ணாடிபோல இருந்தால் காகிதம் ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பாதி வெட்டி எடுத்துவிட்டால் பொருள்களை வைக்கவும் எடுக்கவும் வசதி.

மூடியில் கைக்கருவிகளுக்கு இரண்டு துளைகள். இரண்டுக்கும் நடுவே 16 செ.மீ. இடைவெளி. இலக்குப் பொருள் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஏறக்குறைய அதே 16 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு துளைகளும் இலக்கும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக நின்றால், இரு கருவிகளும் 60 டிகிரிக் கோணத்தில் சந்திக்கும். கை சோர்வில்லாமல் வேலை செய்ய ஏற்ற கோணம் இதுதான். கருவியின் நீளம் 33 முதல் 36 செ.மீ. வரை இருப்பதால், பாதி உள்ளே பாதி வெளியே என்றும் அமைந்துவிடும். துளை ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் செருப்பின் அடிப்பகுதியில் சதுரமாக வெட்டிய துண்டை ஒட்டி, நடுவில் கூட்டல் குறிபோலக் கீறிவிடுங்கள். 5 மி.மீ. கருவி அதில் இறுக்கமாகவும் வழுக்கிக்கொண்டும் போய்வரும். ட்ரோகார் (கருவி நுழையும் குழாய்) வாங்கும் செலவு மிச்சம்.

பெட்டியின் தரையில் 8 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரப்பலகையை வைத்து, அதன்மேல் வெல்க்ரோ ஒட்டுங்கள். பயிற்சிப் பொருள்களை அதில் மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

கேமராவுக்குச் சாதாரண யு.எஸ்.பி. வெப்கேமே சிறந்தது. இரண்டு துளைகளுக்கும் நடுவே, மூடியின் அடிப்பக்கத்தில், இலக்கை நோக்கிச் சாய்வாகப் பொருத்துங்கள். பக்கத்தில் ஒரு எல்.இ.டி. பட்டை, அதன்மேல் வெள்ளைக் காகிதம். இல்லையென்றால் உலோகக் கருவி பளிச்சிட்டுத் திரை வெளுத்துப்போகும். போனையும் கேமராவாக்கலாம். ஆனால் கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பினால் கை அசைந்து ஒரு கணம் கழித்தே திரையில் அசையும். அந்தத் தாமதத்துக்குப் பழகிய கை தியேட்டரில் தவறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வெப்கேம் மென்பொருள்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிக் காட்டும். நான் முதல் பெட்டி செய்தபோது இதைக் கவனிக்காமல் மூன்று நாள் பழகினேன். அந்த மூன்று நாள் பழக்கத்தை மறக்க அதற்கு மேல் நாளானது. பெட்டிக்குள் ஒரு மருந்துச் சீட்டை வையுங்கள். எழுத்து நேராகப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கருவிகளில் ஒரு கிராஸ்பர் (பற்றும் கருவி), ஒரு மேரிலாண்ட் (திசுவைப் பிரிக்கும் வளைந்த நுனிக் கருவி), ஒரு கத்தரி, ஒரு நீடில் ஹோல்டர் (ஊசி பிடிக்கும் கருவி). பயிற்சிக்கென்றே குறைந்த விலையில் விற்கிறார்கள். மருத்துவமனையில் கழித்துக்கட்டியவை இருந்தால் எழுத்து மூலம் அனுமதி பெற்று, முறையாகக் கிருமி நீக்கியபின் எடுத்துக்கொள்ளலாம். புழக்கத்தில் உள்ள கருவியை ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

நிற்கும் விதம்

உட்கார்ந்து பழகாதீர்கள், தியேட்டரில் நின்றுதான் செய்யப் போகிறீர்கள். கைப்பிடி முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், தோள் உயரக்கூடாது. நம் பிள்ளைகள் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள். கருவியின் கைப்பிடி பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த உயரம் பலருக்கு மிக அதிகம். ஒரு தாழ்வான முக்காலி போதும். திரை நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. மாத இறுதியில் கழுத்து வலி வந்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த உயரங்களைத்தான்.

முதல் வாரம்: பல்லாங்குழி

உலகெங்கும் பழக்கத்தில் உள்ள அடிப்படைப் பயிற்சி முளை மாற்றுதல். ஒரு பலகையில் முளைகள் நிற்கும். ஆறு ரப்பர் வளையங்களை இடக்கைக் கருவியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்தரத்தில் வலக்கைக் கருவிக்கு மாற்றி, மறுபக்க முளையில் போட வேண்டும். பிறகு அதையே வலமிருந்து இடமாகத் திருப்பிச் செய்ய வேண்டும். அமெரிக்க இரைப்பை-குடல், எண்டோஸ்கோப்பி அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் தேர்வில் இதற்கு 300 விநாடி வரம்பு. தேர்ந்தவர்களின் அளவு 48 விநாடி.

அதற்கு முன்னால் நான் பிள்ளைகளைப் பல்லாங்குழியில் விடுகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பரணிலோ பெட்டகத்திலோ ஒன்று கட்டாயம் கிடக்கும். மடக்குப் பலகையின் ஒரு பாதியைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வேன். புளியங்கொட்டை வழவழப்பானது. அழுத்திப் பிடித்தால் தெறிக்கும், தளர்த்தினால் விழும். எவ்வளவு அழுத்தம் போதும் என்பது கைக்குப் புரிய இதைவிடச் சிறந்த ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை. கொட்டை பழகியபின் சோழி. சோழியின் முதுகில் பிடிப்பே கிடைக்காது. புரட்டி வாய்ப்பக்கம் பிடிக்க இரண்டு கையும் சேர்ந்து உழைத்தாக வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரும் வலக்கையால் எல்லா வேலையையும் செய்துவிட்டு இடக்கையைச் சும்மா வைத்திருப்பார்கள். ஆகவே முதல் மூன்று நாள் இடக்கை மட்டும்.

இரண்டாம் வாரம்: வெட்டுதல்

நான்கு அங்குலச் சதுரக் காஸ் துணியில் பேனாவால் ஒரு வட்டம் வரையுங்கள். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்து, மறுகையால் கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள். வரம்பு 300 விநாடி, தேர்ந்த அளவு 98. வெட்டும் கையைவிட இழுத்துப் பிடிக்கும் கைதான் இங்கே முக்கியம். துணி தொய்ந்தால் கத்தரி மென்றுகொண்டிருக்கும். வட்டத்தில் முன்னேற முன்னேற இழுக்கும் திசையையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து: உள்முடிச்சு

உடலுக்குள்ளேயே கருவிகளால் தைத்து முடிச்சுப் போடுவதுதான் உள்முடிச்சு. இங்கே பலர் மனம் உடைந்து பெட்டியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டிப் பலகையில் ஒட்டி, நடுவில் நீளமாக ஒரு கீறல் போட்டு, கீறலின் இருபுறமும் பேனாவால் புள்ளி வையுங்கள். 2-0 தடிமனுள்ள பட்டு நூல், ஊசியோடு, 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கூடுதல் நூல் கூடுதல் சிக்கல்.

ஊசியைப் பிடித்து உள்ளே நுழைக்காதீர்கள். ஊசியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி நூலைப் பிடித்து நுழைத்தால் ஊசி தானே பின்னால் வரும். உள்ளே போனதும், இடக்கை நூலைப் பிடித்திருக்க, ஊசியின் முனை பலகையில் லேசாகத் தொட்டு நிற்கட்டும். நூலை மெல்ல இழுத்தால் ஊசி கோலாட்டம் ஆடுவதுபோலச் சுழலும். சரியான நிலைக்கு வந்த கணத்தில் நீடில் ஹோல்டர் அதை நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், செங்குத்தாகக் கவ்வ வேண்டும். மணிக்கட்டைத் திருப்பி, வளைவின் போக்கிலேயே, இரண்டு புள்ளிகளின் வழியாகவும் ஊசியைச் செலுத்துங்கள்.

நூலை இழுத்து, வால் (நூலின் ஊசியில்லாத நுனி) இரண்டு செ.மீ. மட்டும் மிஞ்சும்போது நிறுத்துங்கள். நீண்ட வால்தான் தொடக்கக்காரர்களின் முதல் எதிரி. முடிச்சுப் போடும்போது வால் முழுவதும் வெளியே வராமல் கண்ணி கண்ணியாகச் சிக்கும்.

இப்போது இடக்கை நீண்ட நூலைப் பிடித்து, அது ஆங்கில சி எழுத்துபோல வளைந்து படுத்திருக்கும்படி வையுங்கள். வலக்கைக் கருவியை வளைவின் மேலே, வாலுக்கு மிக அருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். அருகே என்றால் ஒரு அரிசி மணி இடைவெளி. வலக்கை அசையாமல் நிற்க, இடக்கை நூலை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றட்டும். சுற்று நழுவுவதற்குள் வாலைக் கவ்வுங்கள். பிறகு இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில், மேலே தூக்காமல், தரையோடு தரையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் உண்மையான திசு கிழியும். அடுத்து எதிர்த்திசையில் ஒரு சுற்று, மீண்டும் மாற்றி ஒரு சுற்று. முதலில் இரட்டை, பின் இரண்டு ஒற்றை என மூன்று முடிச்சு.

தேர்வில் இதற்கு 600 விநாடி தருகிறார்கள். தேர்ந்த அளவு 112. முதல் நாள் பலருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். எனக்கும் அப்படித்தான் ஆனது. முடித்ததும் கீறலை விரித்துப் பாருங்கள். வாய் திறந்தால் அந்த முடிச்சு செல்லாது, நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

சிட்டையும் பேரேடும்

கணக்கு எழுதாத பயிற்சியை நான் பயிற்சியாக ஏற்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பிறகு பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதே முறைதான் இங்கும்.

சிட்டையில் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி: தேதி, பயிற்சியின் பெயர், விநாடி, தவறுகள். தவறு என்றால் கீழே விழுந்த வளையம், கோட்டை விட்டு விலகிய வெட்டு, தளர்ந்த முடிச்சு, திரைக்கு வெளியே போன கருவி. வாரக் கடைசியில் பயிற்சிவாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஒரு கோட்டுப்படம் வரையுங்கள். முதலில் செங்குத்தாக இறங்கும் கோடு, ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில் தட்டையாகும். அப்போது சலிப்பு வரும். கோடு தட்டையாகும்போது நேரத்தைப் பார்க்காமல் தவறு என்ற பத்தியை மட்டும் பூஜ்யமாக்க முயலுங்கள். தவறு குறைந்ததும் நேரம் தானாக மீண்டும் இறங்கும்.

எப்போது நிறுத்தலாம்? மணிக்கணக்கை வைத்து நிறுத்தாதீர்கள். முளை மாற்றுதலையும் உள்முடிச்சையும் தேர்ந்த அளவுக்குள் அடுத்தடுத்து இரண்டு முறை முடிக்க வேண்டும், பிறகு அதே அளவை வேறு பத்து முறையும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்காவில் டாக்டர் டேனியல் ஸ்காட்டின் குழுவினர் வகுத்த முறை. ஒருமுறை எட்டுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

தினமும் அரை மணி நேரம் போதும். வாரம் முழுக்க விட்டுவிட்டு ஞாயிறன்று நான்கு மணி நேரம் நிற்பதால் கைதான் வலிக்கும்.

வெப்கேம் இருப்பதால் எல்லாவற்றையும் பதிவுசெய்துவிடலாம். வாரம் ஒரு பதிவை உங்கள் சீனியருக்கு அனுப்புங்கள். கினோவியா போன்ற இலவச மென்பொருளில் போட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கருவியின் நுனி எத்தனை வீண் பயணம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நன்றாகச் செய்பவரின் பதிவில் பரபரப்பே இருக்காது. நுனி போன வழியில் திரும்பி வராது.

கறிக்கடைக்குப் போகும் நேரம்

சுசுருத சங்கிதையில் மாணவனின் பயிற்சிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பூசணி, தர்ப்பூசணி, வெள்ளரியில் கீறிப் பழக வேண்டும், தாமரைத் தண்டில் துளைக்கப் பழக வேண்டும், துணியால் செய்த ஆளுருவப் பொம்மைக்குக் கட்டுப்போடப் பழக வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் இந்தப் பழக்கம் இல்லாதவன் வேலைக்குத் தகுதியில்லை என்றும் சொல்கிறது. நம் மண்ணில் சிமுலேஷன் புதிதில்லை.

திராட்சைப் பழத்தின் தோலைச் சதை கிழியாமல் உரிப்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, தோலோடு வாங்கிய கோழித் தொடை. தோலுக்கும் தசைக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வின் தளத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தளத்தைவிட்டு விலகாமல் பிரிக்க வேண்டும். பிறகு ஆட்டு ஈரல். பித்தப்பையை எடுக்காமல் ஒட்டியபடியே வேண்டும் என்று சனிக்கிழமை மாலையே கடையில் சொல்லிவையுங்கள். குழாயைச் சற்று நீளமாகவே விட்டு வெட்டச் சொல்லுங்கள். பாய் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரணத்தைச் சொன்னபின் நல்ல ஈரலாகத் தேடி எடுத்துவைக்கிறார்.

ஈரலைப் பலகையில் ஊசியால் நிறுத்தி, குழாயைப் பிரித்தெடுத்து, நூலால் இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டி, பித்தப்பையை ஈரலிலிருந்து கத்தரியால் பிரியுங்கள். வெட்டுவதற்கு முன் நிறுத்தி, மூன்று கேள்விகளை வாய்விட்டுக் கேளுங்கள்: முக்கோணப் பகுதி (பித்தக்குழாய்களுக்கும் ஈரலுக்கும் இடைப்பட்ட இடம்) கொழுப்பும் சவ்வும் நீங்கிச் சுத்தமாகிவிட்டதா? பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலைவிட்டுப் பிரிந்துவிட்டதா? பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம் என இரண்டே இரண்டு அமைப்புகள்தானா? டாக்டர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் முன்வைத்த பாதுகாப்புக் காட்சி இதுதான். ஆட்டின் உடலமைப்பு மனிதனுடையதைப் போலவே இருக்காது. ஆனால் வெட்டுவதற்கு முன் நின்று கேட்கும் பழக்கம் இங்கேயே கைக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டில் திசுவைச் சுட்டு வெட்டும் மின்சூட்டுக் கருவி வேண்டவே வேண்டாம். கையுறை அணியுங்கள். இறைச்சிக்கென்று தனிப் பெட்டியும் தனிக் கருவிகளும் வையுங்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட இறைச்சி சமையலுக்குப் போகக்கூடாது. பெட்டியைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

பெரிய சிமுலேட்டருக்குப் போகும்போது

மெய்நிகர் சிமுலேட்டரில் ரத்தக்கசிவு வரும், உறுப்பு கையை எதிர்க்கும், நுனி எத்தனை சென்டிமீட்டர் பயணித்தது என்பதைக்கூட எந்திரமே எழுதிவைக்கும். மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவு. கோயம்புத்தூர், சென்னையில் பயிற்சி முகாம்கள் அடிக்கடி நடக்கின்றன. முளை மாற்றுதலில் 48 விநாடியை எட்டிவிட்டு டிக்கெட் எடுங்கள். அங்கே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வளையம் தூக்குவதில் வீணாக்கக்கூடாது.

ரோபோ பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டா வின்சி கருவிக்கு அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கிடைத்தது. பெயர் ரோபோ என்றாலும் அது தானாக எதையும் செய்யாது. மருத்துவரின் கையசைவை உள்ளே கொண்டுபோகும். அதற்கும் தனிச் சிமுலேட்டர் உண்டு. பெட்டியில் கற்ற பொறுமை அங்கேயும் உதவும்.

ஸ்கேனை முப்பரிமாணமாகப் பார்ப்பது

கையைப் போலவே மனக்கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். சி.டி. ஸ்கேன் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஸ்கேன் மையத்தில் டைகாம் கோப்புகளை (ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் வடிவம்) குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய வெட்டுகளாக வேண்டும் என்று சொல்லுங்கள். தடித்த வெட்டுகளில் உருவம் படிக்கட்டுபோல வரும். கணினியில் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது.

த்ரீடி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம். கோப்புகளை அதில் ஏற்றி, பிரித்தெடுக்கும் பகுதிக்குப் போய், அடர்த்தி எல்லையைக் குறிக்க வேண்டும். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அலகில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. 250-க்கு மேல் என்று குறித்தால் பெரும்பாலும் எலும்பு மட்டும் நிற்கும். ஒட்டியிருக்கும் துணுக்குகளை நீக்கி, சற்று வழவழப்பாக்கினால், உடைந்த இடுப்பெலும்பு திரையில் சுழலும். எந்தத் துண்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பிலிமில் அரை மணி நேரம் தேடியது அரை நிமிடத்தில் விளங்கும்.

முப்பரிமாண அச்சில் எடுத்தால், உடைந்த எலும்பைப் பொருத்தும் உலோகத் தகட்டை முதல் நாளே அந்த மாதிரியின்மேல் வைத்து வளைத்துக்கொள்ளலாம். வளைத்த தகட்டைத்தான் கிருமி நீக்கித் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். மாதிரியை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்காதீர்கள், வழக்கமான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும். இந்த மென்பொருள் ஆராய்ச்சிக்கும் கற்றலுக்கும் உரியது. சிகிச்சை முடிவை ரேடியாலஜி மருத்துவரின் அறிக்கையோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

தனிக் கை போதாது

அறுவை சிகிச்சையில் நடக்கும் விபரீதங்களில் பல, ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாததால் நடப்பவை. ஆகவே மாதம் ஒருமுறை உங்கள் மருத்துவமனைக் குழு முழுவதும் சேர்ந்து ஒத்திகை பாருங்கள். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-ல் உருவாக்கிய ஆனி பொம்மைதான் இன்றும் உலகம் முழுக்க நெஞ்சழுத்தப் பயிற்சிக்குப் பயன்படுகிறது. அது இல்லாவிட்டால் கெட்டியான தலையணை போதும்.

பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஒத்திகை. சிஸ்டர் ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொள்ளட்டும்; இன்னொருவர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அட்டையில் எழுதிக் காட்டட்டும். யார் ரத்த வங்கிக்குப் பேசுகிறார், யார் ஊசி போடுகிறார், யார் நேரம் குறிக்கிறார் என்று பாருங்கள். எங்களிடம் நடந்த முதல் ஒத்திகையில், மருந்து வைத்திருந்த அலமாரியின் சாவி எங்கே என்று இரண்டு நிமிடம் தேடினோம். அன்றே சாவியின் இடம் மாறியது.

ஒத்திகை பத்து நிமிடம் என்றால் பேச்சு இருபது நிமிடம். அந்தப் பேச்சில் முதலில் வாய் திறக்க வேண்டியவர் வயதில் இளைய சிஸ்டர். டாக்டர் கடைசியில் பேச வேண்டும். பெரியவர் முன்னால் பேசக்கூடாது என்று வளர்ந்த பெண்கள் அவர்கள். ஒத்திகையில் பேசப் பழகினால்தான், நிஜத்தில் "டாக்டர், ஒரு பஞ்சு எண்ணிக்கையில் குறைகிறது" என்று உரக்கச் சொல்வார்கள்.

தியேட்டருக்குள்

பேரேட்டைச் சீனியரிடம் காட்டுங்கள். முதலில் கேமரா பிடிக்கக் கேளுங்கள். அதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். கேமரா பிடிப்பவர்தான் மற்றவரின் கண். அடுத்து பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் கடைசிப் பகுதி. பெரிய குழாய்கள் விலகிவிட்டதால் ஆபத்துக் குறைந்த இடம் அது. முக்கோணப் பகுதிக்குள் கை வைப்பது எல்லாவற்றுக்கும் பிறகு, சீனியர் எதிரே நிற்கும்போது மட்டும். பயிற்சி மருத்துவர் பங்கெடுப்பதை நோயாளியிடம் முன்னாலேயே சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு ஒளிவு மறைவில்லாமல் சொன்னால் புரியும். "பெரிய டாக்டர் பக்கத்தில் இருப்பாரில்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். ஆம் என்று உண்மையாகச் சொல்ல முடிய வேண்டும்.

முதல் நோயாளி முடிந்த அன்று இரவும் சிட்டையில் ஒரு வரி எழுதுங்கள். கை எந்த இடத்தில் நின்றது, எதற்குச் சீனியர் கருவியை வாங்கிக்கொண்டார் என்று எழுதிவிட்டு, பெட்டியைத் திறந்து, அந்த ஒரு அசைவை மட்டும் பத்து முறை செய்துவிட்டுத் தூங்கப் போங்கள்.